ஆணிமுத்தும் ஏ ஒன் சரக்கும்

போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்த பேரனிடம் என் தங்கை தன் கழுத்துப் பதக்கத்தைக் காட்டி, "இது ஒங்க பூட்டன் காலத்து ஆணிமுத்துலே" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆணில குத்தி வச்ச முத்தா ஆச்சி?" என்று கேட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நடிகர் வடிவேலுவின் நகைச்சுவைக் காட்சிக்குப் பிறகு தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆணி என்றால் பிடுங்குவதற்கான ஒரு பொருள், அவ்வளவுதான். தங்கைக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தப் பதக்கத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டுக் கதை ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். நம்ம ஊர்க்காரர்கள் அதை இப்படி விட்டுவிடக் கூடாது.

ஆணி என்ற சொல்லுக்கு இரும்பு ஆணி ஒரு பொருள். உயர்ந்தது, மேலானது என்பது இன்னொரு பொருள். ஆணிப்பொன் என்றால் மாற்றுக் குறையாத பொன். ஆணிக்கல் என்றால் பொன் நிறுக்கிற எடைக்கல், அதுவும் மற்ற எடைக்கற்களுக்கு அளவாக வைத்திருக்கும் கல். ஆணிமுத்து என்றால் முத்துகளில் முதல் வரிசை. இரும்பு ஆணிக்கும் உயர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. ஆசாரிமார் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தங்கத்தைச் சோதிக்க உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார்கள். பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த தங்க ஊசி ஒன்றால் இன்னொரு கோடு இழுப்பார்கள். இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிட்டு, இது எத்தனை மாற்று என்று சொல்வார்கள். அந்த ஊசிக்கு உரையாணி என்று பெயர். எந்த ஆணியோடு வைத்து மற்றதெல்லாம் மதிக்கப்பட்டதோ, அந்த ஆணியே உயர்வுக்குப் பெயராகிவிட்டது என்பது என் எண்ணம். ஆக, பேரன் சிரித்ததில் பாதி நியாயம் இருக்கிறது. அது ஆணிதான். ஆனால் சுவரில் அடிக்கிற ஆணி இல்லை.

நல்ல மனுஷனைப் 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நாம் சொல்வதும் அதே பட்டறையிலிருந்து வந்ததுதான். பழைய கணக்கில் பத்தரை மாற்றுதான் உச்சம். 24 காரட் வந்த பிறகும் பத்தரை நம் வாயை விட்டுப் போகவில்லை.

இனி முத்துக்கு வருகிறேன். நம்ம கடற்கரையில் முத்துக்குளிப்பு எவ்வளவு பழையது என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொற்கையில் முத்துக் குளிக்கிறார்கள், தண்டனை பெற்ற கைதிகளை அந்த வேலைக்கு விடுகிறார்கள் என்று கிரேக்க மாலுமி ஒருவர் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிப்ளூஸ் என்ற கையேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பாண்டியருக்குப் பிறகு போர்த்துகீசியர், 1658இல் டச்சுக்காரர், பிறகு வெள்ளைக்காரர் என்று கை மாறியது. கடலுக்குள் இறங்கிய ஆள் மட்டும் மாறவில்லை. நம்ம பரதவரும், கீழக்கரை, காயல் பக்கத்து முஸ்லிம்களும்தான் காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். தொளாயிரம் பார் போன்ற பார்களில் ஏழெட்டு ஆள் ஆழத்தில் ஒரு நிமிஷத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சை அடக்கி, கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் அள்ளி, கயிற்றைச் சுண்டுவார்கள். மேலே இருப்பவர் இழுப்பார். கொண்டுவந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவர்களுக்கு.

சலாபம் என்று முத்துக்குளிப்புக்கு ஒரு பழைய பெயர் உண்டு. சலாபக் காலத்தில் கடற்கரையில் கொட்டகை போட்டு ஒரு ஊரே எழும்பும். சிப்பியை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவன் எடுத்தது சிப்பியைத்தான், முத்தை அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, சர்க்காருக்கும் தெரியாது. சிப்பியை அழுகவிட்டுக் கழுவி அரித்தால்தான் தெரியும். அந்த நாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அரித்தெடுத்த முத்தை என்ன செய்வார்கள்? இங்கேதான் நம் சொல் வருகிறது. முதலில் அளவு. பித்தளையில் செய்த பத்துச் சல்லடைக் கிண்ணங்கள் இருக்கும். பெட்டி என்பது அதன் பெயர். முதல் பெட்டியில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000 துளை. கிண்ணத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். துளை கூடக்கூட ஓட்டை சிறுத்துக்கொண்டே போகும். இருபதாம் பெட்டியில் விழாமல் நின்றது பெரிய முத்து. ஆயிரத்தில் நின்றது கடுகு. மேல் பெட்டிகளில் நின்றதை மேல் என்றும், நடுவில் நின்றதை வடிவு என்றும், கடைசியில் நின்றதைத் தூள் என்றும் சொல்வார்கள்.

அளவு பிரித்தபின் தரம். ஆங்கிலேய அதிகாரிகள் முத்து வியாபாரிகள் வாயிலிருந்து கேட்டதைக் கேட்டபடி எழுதி வைத்தார்கள். அதைத் தமிழுக்குத் திருப்பினால் வரிசை ஏறக்குறைய இப்படி வருகிறது. ஆணி: உருண்டையிலும் குறை இல்லை, ஒளியிலும் குறை இல்லை. அனதாரி: இரண்டில் ஒன்றில் சற்றுக் குறைவு. மசங்கு: இரண்டிலும் குறை, முக்கியமாக ஒளியில். கழிப்பு: பெயரே சொல்கிறது. குறுவல்: இரண்டு முத்து ஒட்டிப் பிறந்தது. அதற்கும் கீழே பிசல், மடங்கு என்று ஒழுங்கற்றதும் மடிந்ததும். மசங்கு என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. நம்ம பக்கத்தில் அந்தி சாயும் நேரத்தை 'மசங்குற நேரம்' என்போம் இல்லையா? வெளிச்சம் இருக்கிறது, ஆனால் இல்லை. ஒளி மங்கிய முத்துக்கு இதைவிட நல்ல பெயர் எந்த மொழியிலும் கிடைக்காது.

இதெல்லாம் வெறும் வர்ணனை என்று நினைத்துவிடக் கூடாது. தரத்தின் பெயர் மாறினால் கணக்கே மாறும். தாழ்ந்த ரகங்களுக்கு எடைக்கு விலை. கழஞ்சுக்கு இத்தனை வராகன் என்று முடிந்துவிடும். 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆனால் ஆணி, அனதாரி, வடிவு என்று பெயர் வாங்கிய முத்துக்கு எடை போதாது. அதற்குச் செவ்வு என்று தனிக் கணக்கு. மஞ்சாடி எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்தின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அதுதான் செவ்வு. செவ்வுக்கு இத்தனை வராகன் என்று விலை பேசுவார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். 4 மஞ்சாடி எடையில் ஒரே முத்து இருந்தால், நாலு நாலு பதினாறு, முக்கால் பங்கு 12 செவ்வு. அதே 4 மஞ்சாடி எடைக்கு நாலு சின்ன முத்து இருந்தால், பன்னிரண்டை நாலால் வகுத்து 3 செவ்வு. எடை ஒன்றுதான், மதிப்பு நாலில் ஒன்று. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை மனத்தாலேயே போட்டார்கள் நம் ஊர் வியாபாரிகள். எடையின் வர்க்கத்தை வைத்து முத்துக்கு விலை போடும் வழக்கம் ஐரோப்பிய முத்து வியாபாரிகளிடமும் இருந்தது.

ஆகவே, ஒரு முத்தை 'ஆணி' என்று சொல்வதற்கும் 'மசங்கு' என்று சொல்வதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடு கிடந்தது. அந்தச் சொல்லை யார் சொல்வது? கடலில் இறங்கியவன் சொல்ல முடியாது. சிப்பியை அழுகவைத்துக் கழுவியவன் சொல்ல முடியாது. வெள்ளைத் துணி விரித்துக் காலை வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிதான் சொல்ல வேண்டும். வாங்குகிறவனும் அவனேதான்!

தரம் பிரித்துச் சொல்லும் வழக்கம் நாம் நினைப்பதைவிடப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் முத்து கிடைக்கும் இடங்களைச் சொல்லும்போது தாமிரபரணி முத்தும் பாண்டிய நாட்டு முத்தும் முதலில் வருகின்றன. நல்ல முத்துக்கு அங்கே சொல்லும் குணங்கள்: பருமன், உருட்சி, ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது, ஒளி, வெண்மை, கனம், வழுவழுப்பு, சரியான இடத்தில் துளை. 'ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது' என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தாம்பாளத்தில் விட்டால் நல்ல முத்து நிற்காது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையின் கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கும்போது, காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் முத்துக்கு வரும் குற்றங்கள் பேசப்படுகின்றன. குற்றத்தைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் குணத்தைச் சொல்லத் தெரியும் போலிருக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு. ராஜராஜ சோழனும் அவர் குடும்பத்தாரும் கோவிலுக்குக் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துப் பட்டியல். அதில் முத்து என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று ஆரம்பித்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று குறையுள்ளவற்றையும் வகை வகையாகச் சொல்லி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் சொல்கிறது. அனுவட்டம் என்றால் வட்டத்தை ஒட்டி வருவது, முழு வட்டமில்லை. சக்கரவர்த்தி கடவுளுக்குக் கொடுத்த தானம். எல்லாமே உயர்ந்த முத்து என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? கறடையும் இரட்டையையும் ஏன் கல்லில் வெட்டினார்கள்? நாளைக்கு ஒருவன் நல்லதை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்துவிடக் கூடாதே என்பதற்காக இருக்கும். 40 வருஷம் சரக்கு டாலி எழுதியவனுக்கு அந்தப் புத்தி உடனே புரிகிறது. மூட்டை கிழிந்திருந்தால் கிழிசல் என்று ரசீதில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழி நம் தலையில்.

முத்தின் ஒளியை 'நீர்' என்று சொல்லும் அழகையும் கவனியுங்கள். நீரோட்டம் என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலேயரும் வைரத்தின் உயர்வைத் தண்ணீரை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். முதல் நீர், இரண்டாம் நீர் என்று.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. 1955 முதல் 1961 வரை ஏழு வருஷம் தொடர்ந்து இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. அப்பா அப்போது தோணித் துறையில் டாலி கிளார்க். 1958 என்று நினைவு, எனக்கு ஒன்பது வயது. குளியாள் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். தன் பங்குச் சிப்பியில் நூறை அப்பாவுக்குக் கொடுத்தார். அப்பா சாக்கில் சுமந்துகொண்டு வந்தார். ஆச்சி புறவாசலில் மண்பானையில் போட்டு மூடி வைத்தாள். நாலாம் நாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தது. ஆச்சி அசரவில்லை. கழுவிக் கழுவி ஊற்றிக் கடைசியில் சேலைத் தலைப்பில் வடிகட்டினாள். பொடி முத்து ஒரு சிட்டிகை. அதன் நடுவில் கொத்தமல்லி விதை அளவு ஒன்று.

"ஆணிமுத்துலே!" என்று ஆச்சி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். பித்தளைச் சிமிழில் பஞ்சு வைத்து, மேலே மஞ்சள் துணி சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். வீட்டில் காசில்லாத நாட்களில் அதை எடுத்துப் பார்ப்போம். விற்க வேண்டும் என்ற பேச்சே வந்ததில்லை. "சின்னவ கல்யாணத்துக்கு" என்று ஆச்சி சொல்லிவிட்டாள். அவள் 1969இல் போய்ச் சேர்ந்தாள். சிமிழ் இருந்தது.

1976இல் தங்கைக்கு வரன் அமைந்தது. நல்ல இடம். பேச்சுவார்த்தையில் அப்பா பவுன் கணக்கோடு, "எங்க அம்மா வச்சிருந்த ஆணிமுத்து ஒண்ணு இருக்கு, அதைப் பதக்கமாப் போடுறோம்" என்று சொன்னார். அந்த வீட்டுப் பெரியவரும் பழைய ஆள். ஆணி என்றால் என்னவென்று தெரிந்தவர். தலையாட்டினார். அதை மனத்தில் வைத்துப் பவுன் கணக்கிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

பதக்கம் கட்டக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பீச் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த வயசான முத்து வியாபாரி ஒருவரிடம் போனார். சலாபக் காலத்தில் பெரிய கை. அப்போது வியாபாரம் ஒடுங்கித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ரைட்டரய்யா" என்றார். முத்தை வாங்கினார். உடனே பார்க்கவில்லை. வாசல் பக்கம் நகர்ந்து, வெள்ளைத் துணியை மடியில் விரித்து, அதில் வைத்தார். விரலால் தள்ளினார். நன்றாக ஓடியது. அப்பா முகம் மலர்ந்தது. பெரியவர் அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உருளுது. ஆனா நீர் இல்லையே" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

"யாரு ஆணின்னு சொன்னது?"

"எங்க அம்மா, மொதலாளி."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அம்மா சொன்னா வீட்டுக்கு அது ஆணிதான். எங்கிட்ட கேட்டீங்கன்னா அனதாரின்னுகூடச் சொல்ல மாட்டேன். மசங்கு. அரிசிப் பானையில வச்சா சூட்டுல நீர் வத்திருக்கும். முத்து காத்தாட இருக்கணும், ஒடம்புல கிடக்கணும்" என்றார். பிறகு, "நான் வாங்குறதா இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வரும். நான் வாங்கல. அதனால நெசத்தைச் சொல்றேன்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துத்தான் அதன் கனம் தெரிகிறது.

திரும்பி வரும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார், ஏறவில்லை. நான் சின்ன வயசுத் திமிரில், "அவங்களுக்கு என்னப்பா தெரியப்போகுது, ஆணின்னே சொல்லிருவோம்" என்றேன். அப்பா நின்று என்னைப் பார்த்தார். "நீ துறைமுகத்துல வேலை பாக்குற" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் சம்பந்தி வீட்டுக்குப் போய், "முத்து இருக்கு, ஆனா ஆணி இல்லையாம், மசங்குதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் விட்டுக்கொடுத்த இரண்டு பவுனைத் திரும்பக் கேட்டார்கள். அதில் தப்பில்லை. அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டார். அந்தக் கடன் அடைய மூன்று வருஷம் ஆனது. ஒரு சொல்லுக்கு எங்கள் வீட்டில் கொடுத்த விலை இரண்டு பவுன். முத்தைப் பதக்கமாகவும் கட்டிப் போட்டோம்.

சொல்லுக்கு விலை உண்டு என்பதை ஊர் மறந்துகொண்டு வந்ததை நான் வேலையில் இருந்த காலத்திலேயே பார்த்தேன். நம்ம ஊரில் நல்ல சரக்குக்கு எத்தனை சொல்! பலசரக்குக் கடை அண்ணாச்சிமாருக்கு எல்லாமே நயம்: நயம் வத்தல், நயம் மல்லி, நயம் கருப்பட்டி. இந்த நயம் ஒரு விசித்திரமான சொல். மேன்மை என்றும் பொருள், மலிவு என்றும் பொருள். 'விலை நயமா இருக்கு' என்றால் குறைந்த விலை. 'சரக்கு நயம்' என்றால் உயர்ந்த சரக்கு. இரண்டையும் ஒரே வாயால் சொல்லி வியாபாரம் செய்ய வேறு எந்த மொழியிலாவது முடியுமா? வத்தலைக் கிள்ளி மோந்தால் தும்மல் வர வேண்டும். அது காட்டம். பீடிக்கும் காட்டம்தான், பதில் கடிதத்துக்கும் காட்டம்தான். விதைக்கும் மருந்துக்கும் வீரியம். ஆளுக்குக் கெட்டி. ஒன்றுமில்லாத சரக்கு சோடை. 'அவன் சோடை போகல' என்று மனுஷனுக்கும் சொல்வோம். 'ஜோர்' பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே வலிமை, இங்கே பிரமாதம். வலிமையிலிருந்து உயர்வுக்கு நழுவிய சொற்கள் எல்லா மொழியிலும் இருக்கும் போலும். 'அருமை' மட்டும் வேறு வழியில் வந்தது. எளிதில் கிடைக்காதது எதுவோ அதுவே உயர்ந்தது.

துறைமுகத்தில் நாங்கள் சொல்வது 'ஏ ஒன் சரக்கு'. இதை யாரோ சினிமாக்காரர் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, அது கப்பலிலிருந்து வந்தது. லண்டன் லாயிட்ஸ் பதிவேட்டில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கப்பல்களைத் தரம் பிரித்து எழுதினார்கள். கப்பலின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு எழுத்து. நங்கூரம், கயிறு, பாய் முதலான சாமான்களுக்கு எண். இரண்டும் முதல் தரமானால் ஏ ஒன். இன்ஷூரன்ஸ் கொடுப்பவன் அதைப் பார்த்துத்தான் தொகை போடுவான். பொய் எழுதினால் கப்பல் முழுகும், காசும் முழுகும். அந்த ஏ ஒன்தான் இன்று ஊருக்கு ஊர் டீக்கடைப் பலகையில் தொங்குகிறது.

பருத்தியிலும் இப்படித்தான். நம்ம கரிசல் பருத்தி இங்கிருந்து லிவர்ப்பூலுக்குப் போனபோது 'டின்னவெல்லி' என்பதே ஒரு ரகத்தின் பெயர். அங்கே ஃபேர், குட் ஃபேர், குட், ஃபைன் என்று அடுக்கு வைத்திருந்தார்கள். நாம் பாராட்டு என்று நினைக்கும் ஃபேர் அங்கே அடிமட்டத்தில் கிடக்கும். நிலாவரை இலைக்கு இன்னும் பெருமை. பேதிக்குக் கொடுக்கும் அந்த இலை இந்த வட்டாரத்து மானாவாரி நிலத்தில் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறி, மேல்நாட்டு மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று ஊர்ப் பெயரோடு ஏறியது. அங்கே வீரியத்துக்கு அடையாளம் நம்ம ஜில்லாவின் பெயர்தான். நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முத்துச் சொற்களுக்கு ஏற்பட்ட கதி வேறு. 1905இல் மன்னார்க் கடலின் அந்தக் கரையில், மரிச்சுக்கட்டியில், 8 கோடிக்கும் மேல் சிப்பி எடுத்து, இலங்கை சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய் வந்தது. இங்கிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன குளியாட்கள் பலர். அத்தோடு அங்கே பெரிய காலம் முடிந்துபோயிற்று. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் வளர்ப்பு முத்தைக் கண்டுபிடித்து, 1920களில் அது உலகச் சந்தைக்கு வந்தபோது இயற்கை முத்தின் விலையும் சரிந்தது. நம்ம ஊரிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். இந்தியாவில் அதுதான் முதல். பெரிய சாதனை. ஆனால் பெட்டி, செவ்வு, அனதாரி, மசங்கு எல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வேலை போனால் வேலைக்குரிய சொல்லும் போய்விடும்.

இப்போது கடைகளில் முத்துக்கு ஏ, டபுள் ஏ, ட்ரிப்பிள் ஏ என்கிறார்கள். எந்த அளவோடு ஒப்பிட்டு இந்த ஏ என்று கேட்டால் பதில் வராது. உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட ஒரே அளவு அதற்குக் கிடையாது. விற்பவர் வைப்பதுதான். அமெரிக்காவில் ஜி.ஐ.ஏ. என்ற நிறுவனம் அளவு, வடிவம், நிறம், ஒளி, மேற்பரப்பு, முத்துப்படலம், ஜோடிப் பொருத்தம் என்று ஏழு குணம் பார்க்கிறது. தஞ்சாவூர்க் கல்லில் பெரும்பாலும் இருப்பதுதான்.

பேரன் சிரித்த மறுநாள் தங்கை பிடிவாதமாகப் பதக்கத்தை எடுத்துக்கொண்டு நகைக்கடை ஒன்றுக்குப் போகச் சொன்னாள். நானும் அவனும் கூடப் போனோம். கண்ணாடி மாட்டிய சின்னப் பெண் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இது நேச்சுரல் மாதிரி தெரியுது அங்கிள், உறுதியாச் சொல்ல எக்ஸ்ரே எடுக்கணும். லஸ்டர் கம்மி. ட்ரிப்பிள் ஏ சொல்ல முடியாது. ஆனா நேச்சுரல்னா இப்போ கிடைக்கவே கிடைக்காது, விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றாள்.

தங்கை, "ஆணி இல்லன்னு எனக்கே தெரியும்மா" என்றாள். அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்த ஆணி ஆன்ட்டி, கொக்கியா? கொக்கி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இந்தத் தடவை பேரன் சிரிக்கவில்லை. பதக்கத்தை அவனே வாங்கி ஆச்சி கழுத்தில் மாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தச் செவ்வுக் கணக்கை இன்னொரு தடவை சொல்லுங்க தாத்தா" என்றான்.